விலை உயர்ந்த பொருளும் வெளியே சொல்லாத குறையும்



இந்த மாதம் ஒரு மடிக்கணினியைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். எனக்கும் அந்தக் கருவிக்கும் உள்ள உறவு, பிள்ளைகளின் தேர்வுத்தாளைத் தட்டச்சு செய்வதோடு முடிந்து விடுகிறது. ஆயினும் சென்ற கோடையில் எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்று என் வாயைக் கட்டிப் போட்டது. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

என் அக்காவின் மகன் ஷார்ஜாவில் கணக்கராகப் பணி செய்கிறான். விடுமுறையில் எரியோட்டிற்கு வந்தவன் ஒரு மடிக்கணினியையும் கொண்டு வந்திருந்தான். விலை ஒன்றே முக்கால் இலட்சம் ரூபாய். கண்ணாடி போன்ற திரை. ஓர் ஏட்டைப் போல் மெல்லிய உடல். வந்தவர்களுக்கெல்லாம் அக்கா அதைத்தான் முதலில் காட்டினார். எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே வேண்டாம். கீழே நான் பெயர் சொல்லி எழுதப்போகும் அமெரிக்கக் கம்பெனியுடையது அன்று என்பதை மட்டும் அறிந்து கொள்ளுங்கள்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அக்கா வீட்டிற்குச் சென்றேன். கணினி சார்ஜில் இருந்தது. சார்ஜரின் முனைக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நான்காக மடித்துச் செருகப்பட்டிருந்தது. என்னவென்று கேட்டேன். பையன் கதவைச் சாத்திவிட்டு வந்து மெல்லச் சொன்னான்: "அந்தத் துவாரம் லூசாயிடுச்சு மாமு. கார்டை வச்சு முட்டுக் கொடுத்தாத்தான் சார்ஜ் ஏறுது. வேற யாருக்கும் தெரிய வேண்டாம். இவ்வளவு கொடுத்து வாங்கினதுன்னு ஊரெல்லாம் தெரியும்."

சர்வீஸ் செய்யும் இடத்தில் கேட்டிருக்கிறான். அந்தத் துவாரம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. ஆகவே தாய்ப்பலகை முழுவதையும் மாற்ற வேண்டும், அறுபதாயிரம் ஆகும் என்று சொல்லி விட்டார்கள். அதற்கு இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்பது அவனுடைய எண்ணம்.

வாங்க வந்தவர் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர். நூற்பாலையில் வேலை. திண்டுக்கல்லில் கல்லூரியில் படிக்கும் மகளுக்காக எழுபதாயிரம் சேர்த்து வைத்திருந்தார். மக்ரிப் முடிந்து படியில் இறங்கும்போது என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. உங்க மருமகன் பொருள்தானே. நீங்க நல்லா இருக்குன்னா வாங்கிக்கிறேன்" என்றார்.

வாசகர்களே, மறைக்காமல் எழுதுகிறேன். அன்று காலையில்தான் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கல் வாங்கல் பாடத்தை நடத்தியிருந்தேன். விற்கும் பொருளின் குறையைச் சொல்லியே விற்க வேண்டும். மறைத்து விற்றால், பின்னர் குறையைக் கண்ட வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்று கரும்பலகையில் எழுதிய சுண்ணாம்பு விரலில் ஒட்டியிருந்தது என்றே சொல்லலாம். அப்படியிருந்தும் அவரிடம் நான் சொன்ன பதில், "பார்த்துச் சொல்றேன்" என்பதுதான். அக்காவின் முகம் என் கண்முன் வந்து நின்றது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பையன் தீயவன் அல்லன். பத்து ரூபாய் கூடக் கொடுத்து விட்டால் திரும்பிப் போய்க் கொடுத்து வருகிறவன். பிறகு ஏன் மறைக்கிறான்? முன்னூறு ரூபாய்க்கு வாங்கிய செருப்பு ஒரு வாரத்தில் அறுந்தால் தெருவில் நின்று கடைக்காரனை ஏசுகிறோம். இலட்சம் கொடுத்து வாங்கிய பொருள் பழுதானால் கதவைச் சாத்திக் கொண்டு காகிதம் மடிக்கிறோம். விலை ஏற ஏற, குறை பொருளில் இல்லை, நம் கையில்தான் இருக்கிறது என்னும் ஐயமும் ஏறி விடுகிறது போலும்.

இந்த இடத்தில்தான், ஆங்கிலப் பத்திரிகைகளில் நான் தொடர்ந்து படித்து வந்த ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12 அங்குலத் திரையுள்ள மேக்புக் மடிக்கணினியை அறிமுகம் செய்தது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, 920 கிராம். மூடி வைத்தால் தடிமன் 13.1 மில்லிமீட்டர். இத்துணை மெல்லியதாக ஆக்க வேண்டுமாயின் விசைப்பலகையையும் மெல்லியதாக்கியே ஆக வேண்டும். அதுவரை ஒவ்வொரு விசைக்கும் அடியில், கத்தரிக்கோலைப் போல் குறுக்காகப் பின்னிய இரு சிறு துண்டுகள் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டு, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போன்ற ஓர் அமைப்பை வைத்தார்கள். அதன் பெயரே வண்ணத்துப்பூச்சி விசைப்பலகை. விசை கீழிறங்கும் தூரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். 2016இல் இந்த அமைப்பு மேக்புக் ப்ரோவிலும், 2018இல் மேக்புக் ஏரிலும் இடம் பெற்றது.

அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு தூசி புகுந்தால் போதும். ஓர் எழுத்தைத் தட்டினால் விழாது; அல்லது ஒன்றுக்கு இரண்டாக விழும். (இளமையில் திண்டுக்கல்லில் தட்டச்சு பயின்றபோது எழுத்துக் கட்டை சிக்கிக் கொண்டால் ஆசிரியர் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் இரண்டு தேய்ப்புத் தேய்ப்பார்; சரியாகிவிடும். அந்த இயந்திரத்தை நினைத்துக் கொண்டேன்.) இங்கோ விசைப்பலகை மேல் உடலோடு சேர்த்து அமைக்கப்பட்டிருந்தது, பேட்டரியும் அதிலேயே ஒட்டப்பட்டிருந்தது. ஆகவே ஓர் எழுத்து வேலை செய்யவில்லையென்றாலும் பலருக்கு மேல் உடல் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

உரிமையாளர்கள் முதலில் என்ன செய்தார்கள்? தங்களையே நொந்து கொண்டார்கள். பிஸ்கட் தின்று கொண்டே வேலை செய்தோமே என்று வருந்தினார்கள். நிறுவனம் தந்த அறிவுரையும் அதற்கேற்பவே இருந்தது: கணினியை 75 டிகிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, விசைகளின் மேல் இடமிருந்து வலமாகக் காற்றைப் பீய்ச்ச வேண்டும், பிறகு பக்கவாட்டில் திருப்பி மீண்டும் பீய்ச்ச வேண்டும். குழந்தைக்கு மூக்கடைப்பு நீக்குவது போன்ற வைத்தியம்!

2017இல் ஒரு பெண் பத்திரிகையாளர், இடைவெளி விசை வேலை செய்யாத தம் கணினியோடு அலைந்த கதையை வெளிப்படையாக எழுதினார். அதைப் படித்த பலர், எனக்கும் அப்படியே என்று முன்வந்தார்கள். 2018 மே மாதம் கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. அடுத்த மாதமே, முதன்முதலில் விற்ற நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை இந்த விசைப்பலகைகளை இலவசமாகச் செப்பனிட்டுத் தருவதாக ஆப்பிள் அறிவித்தது. "சிறு சதவீத" விசைப்பலகைகளுக்குத்தான் இந்தக் கோளாறு என்பது அதன் வாதம். 2019 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையின் ஜோனா ஸ்டெர்ன் என்னும் அம்மையார் ஒரு நூதனம் செய்தார். தம் மேக்புக்கில் ஆங்கில ஈ, ஆர் என்னும் எழுத்துகள் சரியாக வேலை செய்யாததால், அவ்வெழுத்துகள் இல்லாமலே கட்டுரையை அச்சேற்றினார். படித்தவர்கள் சிரித்தார்கள். நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய கத்தரி அமைப்பு திரும்பி வந்தது. 2020 மே மாதத்திற்குள் மற்ற மாடல்களிலும் வந்து விட்டது.

2022 ஜூலையில் வழக்கு சமரசத்திற்கு வந்தது. 5 கோடி டாலர். கலிபோர்னியா, நியூயார்க் முதலிய ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும் பங்கு. இரண்டு முறையோ அதற்கு மேலோ மேல் உடலை மாற்றியவருக்கு 395 டாலர் வரை, ஒரு முறை மாற்றியவருக்கு 125 டாலர் வரை, விசை மூடியை மட்டும் மாற்றியவருக்கு 50 டாலர் வரை. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக் கொள்ளவில்லை. நம் நாட்டில் வாங்கியவர்களுக்கு அந்தப் பணத்தில் ஒரு காசும் இல்லை.

நியாயமாகப் பேச வேண்டுமானால், அந்தக் கணினிகளின் திரையையும் உறுதியையும் குறை சொன்னவர்கள் குறைவு. வழக்குத் தொடுத்தவர்களிலேயே சிலர் மீண்டும் அதே கம்பெனியின் பொருளை வாங்கியிருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். என்னைக் கவர்ந்தது வேறொன்று. பெரும் வல்லுநர் படையுடைய ஒரு நிறுவனத்தைத் திருப்பியது, "என்னுடையதும் பழுது" என்று கூச்சத்தை விட்டு ஒருவர் மற்றவரிடம் சொன்னதுதான்.

சுபுஹுக்குப் பின் பையனை அழைத்து இவ்வளவையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அது சரி மாமு, கம்பெனி மறைச்சா தப்பு. நான் என்ன கம்பெனியா?" என்றான். கெட்டிக்காரப் பையன்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். அந்த வியாபாரியும் பெரிய கம்பெனி அல்லன். மழையில் நனைந்துவிட்டது என்று உண்மையைத்தான் சொன்னான். நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே அவனிடம் கேட்கப்பட்டது. இதை நான் சொன்னதும் பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்களே சொல்லிடுங்க மாமு. எனக்கு வாய் வராது" என்றான்.

சொன்னேன். நூற்பாலைச் சகோதரர் அந்தக் கார்டை உருவிப் பார்த்தார். மறுபடி செருகிப் பார்த்தார். வாங்கவில்லை. திண்டுக்கல் கடையொன்றில், அடியில் திருகாணி வைத்த, கொஞ்சம் கனமான, முப்பத்தெட்டாயிரத்திற்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எங்கள் அக்கா என்னோடு நான்கு நாள் பேசவில்லை. என் மனைவியிடம் மட்டும், "தம்பி ஊருக்கு நல்லவன்" என்று சொல்லியனுப்பினார்.

அந்தத் திருகாணியைப் பற்றி ஒரு வார்த்தை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அறிவீர்கள். எங்கள் வீட்டு மாங்காய்ப் பூட்டு என் அத்தா காலத்தது. சாவி தொலைந்தபோது பூட்டுக்காரர் வேறு சாவி அராவிக் கொடுத்தார். பூட்டை வீசச் சொல்லவில்லை. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பக்கத்து வீட்டுப் பெண் பெற்றதும் அப்படித்தான். அடியில் தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வரும். பழையது தீர்ந்ததும் வேறொன்று வாங்கி மாட்டினார்கள், அவ்வளவே. விலை உயர்ந்தவற்றில் இந்த வசதி அரிதாகி வருகிறது. ஆகவே வாங்கப் போகும்போது திரையையும் வேகத்தையும் கேட்பதோடு, பேட்டரியை எங்கே மாற்றுவது, சார்ஜ் துவாரம் போனால் எதை மாற்றுவீர்கள் என்பதையும் கேளுங்கள். அரபு நாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி வருவதாயின், அங்கே தரும் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் பார்த்துக் கொள்ளச் சொல்லுங்கள்.

இங்கே வாங்கிய பொருளாயின் வழியுண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பில்லைத் தொலைத்து விடாதீர்கள். அந்தத் தாளின் எழுத்து வெயிலில் மங்கிவிடும், ஆகவே ஒரு நகல் எடுத்து வையுங்கள். 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைக்கலாம்.

மருமகன் அந்தக் கணினியோடுதான் திரும்பிப் போனான். போன வாரம் தொலைபேசியில் பேசினான். துணிந்து அலுவலகத்தில் விசயத்தைச் சொல்லியிருக்கிறான். அவனைப் போல் அதே மாடல் வைத்திருப்பவர்கள் அங்கே இன்னும் மூவர். அவர்களில் இருவர் தங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார்களாம். ஒருவர் தீக்குச்சி வைத்திருந்தார். மற்றவர், இவனைப் போலவே, ஒரு விசிட்டிங் கார்டு.