பனிமலையும் பனியனும்

திருப்பூருக்கும் பனிமலைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. பனிமலைக்குப் போகிறவர் முதலில் உடம்பில் மாட்டிக்கொள்வது பனியன்தான்!

அந்தப் பனியன் எந்த நூலில் பின்னப்பட்டது என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. பருத்திப் பனியனுக்குப் பேர்போன திருப்பூர், இதைக் கவனிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

குல்மார்க்கில் நடந்தது

காஷ்மீரில் குல்மார்க் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் உயரம் சுமார் 8,700 அடி. நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆனால், குல்மார்க்கில் குளிர்காலம் வந்துவிட்டால் எங்கு பார்த்தாலும் வெண்பனி!

பழனி மலையில் இருப்பதுபோல் அங்கும் ரோப் கார் ஓடுகிறது. அதில் ஏறினால், அபர்வத் மலையில் சுமார் 13 ஆயிரம் அடி உயரத்தில் போய் இறங்கலாம். பிறகு காலில் நீண்ட பலகைகளை மாட்டிக்கொண்டு, பனியில் சறுக்கியபடி கீழே வரலாம். இந்த விளையாட்டுக்காகப் பல நாட்டுக்காரர்கள் அங்கே வருகிறார்கள்.

2023 பிப்ரவரி 1-ந் தேதி. வெளிநாட்டவர் 21 பேர் மூன்று கோஷ்டிகளாகச் சென்றார்கள். உள்ளூர் வழிகாட்டிகள் இருவரும் உடன் சென்றார்கள். திடீரென்று மலைமேல் இருந்த பனி பெயர்ந்து சரிந்தது. போலந்து நாட்டைச் சேர்ந்த இருவர் மாண்டார்கள். மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 2024 பிப்ரவரி 22-ந் தேதி அதே குல்மார்க்கில் மீண்டும் பனிச்சரிவு. இந்தத் தடவை ரஷ்யர் ஒருவர் பலியானார்.

ஆளில்லாத மலையில்

ஊரை ஒட்டிய சறுக்கு மைதானத்தில் காவலர்கள் உண்டு. அபாயமான இடத்தில் கயிறு கட்டித் தடுத்து வைத்திருப்பார்கள். ஆனால், சிலருக்கு அது போதாது. அந்த எல்லையைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத மலைக்குள் போகவேண்டும் என்று ஆசை! ஆல்ப்ஸ் மலையிலும், கனடாவிலும், இமயமலையிலும் இப்படிப் பல நாள் பயணம் போகிறார்கள். பாதை தெரிந்த வழிகாட்டி ஒருவருக்குப் பணம் கொடுத்து, அவர் பின்னால் செல்கிறார்கள்.

அங்கே ரோப் கார் கிடையாது. நடந்துதான் ஏறவேண்டும். வழுக்கும் பலகையோடு எப்படி ஏறுவது?

பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டுகிறார்கள். முற்காலத்தில் அது கடல்நாயின் தோல். இப்போது நைலான் இழையாலோ, ஆட்டு ரோமத்தாலோ செய்த துணி. அதில் உள்ள முடி ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் பலகை முன்னே நகரும், பின்னே வழுக்காது. பனிமலை ஏற்றமே ஒரு துணியை நம்பித்தான் நடக்கிறது!

வழிகாட்டி சொல்லும் "வேண்டாம்"

மலையில் விழும் பனி, பாய்மேல் பாய் விரித்ததுபோல அடுக்கடுக்காகப் படிகிறது. இடையில் ஓர் அடுக்கு உறுதியில்லாமல் இருந்தால் போதும். அதன் மேலே ஓர் ஆள் காலை வைத்ததும், மேலடுக்கு முழுவதும் பெயர்ந்துவிடும். செங்குத்தான பாறையில் பனி தங்காது. சமதரையில் தங்கிய பனி சரியாது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளே மிகவும் அபாயமானவை. சறுக்குவதற்கு ஆசையைத் தூண்டுவதும் அதே சரிவுகள்தான்!

பனிச்சரிவில் சிக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், அதைக் கிளப்பிவிட்டது அவர்களோ, அவர்களுடன் வந்தவர்களோதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

வழிகாட்டி பனியில் குழி தோண்டி, அடுக்குகளைப் பார்க்கிறார். பாதுகாப்பு இலாகாவின் ஆராய்ச்சிக்கூடம் வெளியிடும் எச்சரிக்கையையும் படிக்கிறார். பிறகு, "இங்கே வேண்டாம், திரும்புங்கள்" என்கிறார். பணம் கொடுத்தவர்களுக்குக் கோபம் வருகிறது.

திருப்பூர்ப் பெண்களுக்கு இது புரியும். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண், ஓட்டை உள்ள பீசைத் தனியே எடுத்துப் போடுகிறார். அவசரம் என்று அதை விட்டுவிட்டால் பிறகு சரக்கே திரும்பி வரும். மலையில் வழிகாட்டி செய்வதும் செக்கிங் வேலைதான். ஆனால், அங்கே தவறினால் ஆள் திரும்பி வரமாட்டார்!

வழிகாட்டி இருந்தால் ஆபத்தே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் கோஷ்டி ஒன்று, 2022 அக்டோபர் 4-ந் தேதி பனிச்சரிவில் சிக்கியது. 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. இரண்டு பேரைக் காணவில்லை. ஆசிரியர்கள் கூட இருந்தும் நடந்த விபத்து அது.

அதனால் ஒவ்வொருவரும் மூன்று சாமான்களைச் சுமக்கவேண்டும். புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிறிய ரேடியோ கருவி, பனியில் குத்திப் பார்க்கும் நீண்ட கோல், மண்வாரி. புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால், பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால், பத்தில் மூன்று பேர்தான்!

வியர்வை என்னும் எதிரி

பனிச்சரிவில் சிக்காதவருக்கும் இன்னொரு எதிரி உண்டு. அதுதான் வியர்வை!

பனியில் மணிக்கணக்கில் ஏறினால் உடம்பு வியர்த்துக் கொட்டும். உச்சியில் நின்றதும் குளிர்காற்று அடிக்கும். அப்போது உடம்பில் இருப்பது பருத்திப் பனியன் என்றால் என்ன ஆகும்?

பருத்தி ஈரத்தை விடாது. ஈரத் துணியோ உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்துகிறது. மனித உடம்பின் உஷ்ணம் 37 டிகிரி. அது 35-க்குக் கீழே போனால் நடுக்கம் எடுக்கும், நாக்குக் குழறும், புத்தி தடுமாறும். பிறகு உயிருக்கே ஆபத்து.

சித்திரை வெயிலில் பருத்திப் பனியன் சுகமாக இருப்பது ஏன்? அது வியர்வையை உறிஞ்சி, உடம்பைக் குளிர வைக்கிறது. வெயிலில் வரமாக இருக்கும் அதே குணம், பனியில் சாபமாகிவிடுகிறது!

பனிமலைக்காரர்கள் மூன்று அடுக்கு உடுத்துகிறார்கள். உடம்போடு ஒட்டி, பாலியஸ்டர் அல்லது மெல்லிய ஆட்டுக் கம்பளிப் பனியன். அதன் மேல், சூட்டைக் காக்கும் பிளீஸ் சட்டை. எல்லாவற்றுக்கும் மேல், காற்றும் பனியும் புகாத கோட்டு.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். உள்ளே இருக்கும் பனியன் பின்னலாடை. பிளீஸ் சட்டையும் பின்னலாடைதான். பின்னிய துணியைச் சுரண்டிப் பஞ்சுபோல் ஆக்கினால் பிளீஸ் கிடைக்கிறது. அதாவது, மூன்றில் இரண்டு திருப்பூர்க்காரர்களின் தொழில்!

திருப்பூர் என்ன செய்யவேண்டும்?

2024-25-ம் ஆண்டில் திருப்பூரிலிருந்து சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதியானது. அதில் பெரும்பகுதி பருத்தி. ஆனால், உலகில் தயாராகும் இழையில் மூன்றில் இரண்டு பங்கு செயற்கை இழை. பருத்தி ஐந்தில் ஒரு பங்குதான்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரி விதித்தபோது, திருப்பூரில் பல கம்பெனிகளுக்கு ஆர்டர் நின்றது. ஒரே நாட்டையும் ஒரே நூலையும் நம்பக்கூடாது என்பது அப்போது கிடைத்த பாடம்.

செயற்கை இழை ஆடைக்கு ஊக்கம் கொடுக்க, மத்திய அரசு 2021-ல் 10,683 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதில் சேரக் குறைந்தது 100 கோடி முதலீடு வேண்டும் என்றார்கள். 2025-ல் அதை 50 கோடியாகக் குறைத்தார்கள். ஆனால், பத்துத் தையல் மெஷினோடு தொழில் நடத்துகிறவருக்கு 50 கோடியும் எட்டாக்கனிதான்!

சாயத்திலும் வித்தியாசம் உண்டு. பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பு நிறைய வேண்டும். அந்தக் கழிவு நீர்தான் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் நிலை வந்தது. பாலியஸ்டர் சாயத்துக்கு அந்த உப்பு வேண்டாம். ஆனால், சுமார் 130 டிகிரி சூட்டில் வேலை செய்யும் வேறு மெஷின் வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்.

பாலியஸ்டருக்கும் குற்றம் உண்டு. அது பெட்ரோலிய எண்ணெயிலிருந்து கிடைப்பது. எளிதில் மட்காது. துவைக்கும்போது நுண்ணிய துகள்கள் தண்ணீரில் கலக்கின்றன. ஆகவே, பருத்தியைக் கைவிடவேண்டியதில்லை. வெயிலுக்குப் பருத்தி, பனிக்கு வேறு நூல் என்று இரண்டையும் கற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பிள்ளைகள் மணாலிக்கும் குல்மார்க்குக்கும் பனி பார்க்கப் போகிறேன் என்றால், இரண்டு கேள்வி கேட்கவேண்டும். "உள்ளே போடும் பனியன் என்ன நூல்?" "வழிகாட்டி 'திரும்பு' என்றால், திரும்பி வருவாயா?"

பனிமலையில் கூட வரும் துணை இரண்டுதான். ஒன்று, வழிகாட்டி, இன்னொன்று, உடம்போடு ஒட்டிய பனியன். அந்த இரண்டாவது துணையை உலகத்துக்கு அனுப்பும் கைகள் திருப்பூரில் இருக்கின்றன. நூலை மாற்றக் கற்றுக்கொண்டால், குளிர்காலத்திலும் அந்தக் கைகளுக்கு வேலை இருக்கும்!