உயிர் காக்கும் மருந்தும் ஒத்துக்காமல் போகலாம்!

தை பிறந்தால் மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் சம்பா அறுவடை களைகட்டிவிடும். வடுவூர், கோட்டூர், நீடாமங்கலம் என எந்தப் பக்கம் போனாலும் வயலில் அறுவடை மெஷின் சத்தம், ரோட்டோரத்தில் நெல் குவியல். நெல் இருக்கும் இடத்தைத் தேடி எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். டெல்டாக்காரர்களுக்கு இது பரம்பரைக் கணக்கு.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். விடிந்தும் விடியாத நேரம். அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் வயலுக்குப் போகிறார். வரப்பில் கால் வைத்த இடத்தில் சுருக்கென்று ஒரு வலி. டார்ச் வெளிச்சத்தில் உடம்பெல்லாம் வட்ட வட்டமாகப் புள்ளி போட்ட பாம்பு நகர்ந்து போவது தெரிகிறது. கண்ணாடிவிரியன். மகன் அவரை நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் ஏற்றி, பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வந்துவிட்டார். கயிறு இறுக்கிக் கட்டவில்லை. கடிவாயைக் கீறவில்லை. எல்லாமே சரியாகச் செய்திருக்கிறார்.

அங்கே கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விடுகிறார்கள். இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்த்தால், ரத்தம் உறையவே இல்லை. விஷம் ஏறியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. டாக்டர் உடனே விஷமுறிவு மருந்து எழுதுகிறார்.

மருந்தை எடுத்துக்கொண்டு வரும் செவிலியர், ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறார்.

“பெரியவருக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது ஊசி, மருந்து ஒத்துக்காம போயிருக்கா? வீசிங் இருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். சீக்கிரம் மருந்தைப் போடுங்க” என்கிறார் மகன்.

ஓரமாக நின்ற மனைவி தயங்கித் தயங்கிச் சொல்கிறார். “நாய் கடிச்சப்ப ஒரு ஊசி போட்டாங்களேம்மா... அன்னிக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு.”

செவிலியருக்கு வேண்டிய பதில் அதுதான்.

குதிரை தரும் மருந்து

நாய்க்கடி ஊசிக்கும் பாம்புக்கடிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் குதிரை!

பாம்பின் விஷத்தை மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஏற்றுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டுவார்கள். குதிரையின் உடம்பு விஷத்தை எதிர்க்கும் புரதங்களை உண்டாக்கும். அதன் ரத்தத்திலிருந்து அந்தப் புரதங்களைப் பிரித்துச் சுத்திகரித்து எடுத்தால் விஷமுறிவு மருந்து கிடைக்கும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்தாக இது இந்தியாவில் தயாராகிறது. இதற்கான விஷத்தைப் பெரும்பாலும் தருவது நம் ஊர்தான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வெறிநாய்க்கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புச் சீரத்திலும் குதிரையிலிருந்து எடுக்கும் வகை உண்டு. ஒருமுறை குதிரைச் சீரம் ஒத்துக்கொள்ளாதவருக்கு மறுமுறையும் அப்படி ஆகும் வாய்ப்பு அதிகம். மனைவி சொன்ன அந்த ஒரு வரி அதனால்தான் அத்தனை முக்கியம்.

‘அலர்ஜி’ என்ற சொல்லே குதிரைச் சீரத்தோடு பிறந்தது என்றால் நம்புவீர்களா? தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் போட்ட குழந்தைகளில் சிலருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வந்தன. வியன்னாவில் அவர்களைக் கவனித்த டாக்டர் கிளெமன்ஸ் வான் பிர்கே, 1906-ல் இந்தச் சொல்லை உருவாக்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பிரான்ஸில் சார்லஸ் ரிஷே, கடல் உயிரிகளின் விஷத்தை நாய்களுக்கு ஏற்றி ஆராய்ந்தார். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவு ஏற்றியதும் நிமிஷங்களில் சுருண்டு விழுந்தது. இந்தத் தீவிர ஒவ்வாமைக்கு ‘அனாஃபிலாக்சிஸ்’ என்று பெயர் வைத்தார். 1913-ல் நோபல் பரிசும் வாங்கினார்.

“சுணையா இருக்கும் சிஸ்டர்!”

நம் பெரியவரிடம் திரும்புவோம். மனைவி சொன்னதைக் கேட்ட செவிலியர், உடனே டாக்டரிடம் சொல்லிவிட்டு, கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதுகிறார். அதற்காக மருந்தை நிறுத்திவிட முடியுமா? முடியாது. உறையாத ரத்தம் உடம்புக்குள்ளேயே கசிய ஆரம்பிக்கும். சிறுநீரகம் பழுதாகும். விஷத்தை முறிக்க வேறு மருந்து கிடையாது. ஒவ்வாமை வரக்கூடும் என்று தெரிந்தே, அதைச் சமாளிக்கத் தயாராகிக்கொண்டுதான் போட வேண்டும்.

அந்தத் தயாரிப்பு எப்படி இருக்கும்? அட்ரினலின் மருந்து சிரிஞ்சில் ஏற்றப்பட்டுக் கைக்கு எட்டும் தூரத்தில் தயாராக இருக்கும். ஆக்சிஜன் பக்கத்தில் வந்துவிடும். நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு மூன்றையும் முதலிலேயே அளந்து எழுதிவிடுவார்கள். அப்போதுதான் பின்னால் ஏற்படும் மாற்றம் தெரியும். மருந்து தூளாக வரும். ஒவ்வொரு குப்பியிலும் தண்ணீர் விட்டு, நுரைக்காதபடி மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரை கட்டிவிடும். பெரியவர்களுக்கு முதல் தவணையே எட்டு முதல் பத்துக் குப்பிகள் வரை. குழந்தைக்கும் அதே அளவுதான். காரணம், பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

டிரிப்ஸ் மெதுவாக ஏறத் தொடங்குகிறது. பன்னிரண்டாவது நிமிஷம். பெரியவர் தலையைச் சொறிகிறார். அப்புறம் கழுத்தை.

“என்னப்பா, அரிக்குதா?”

“ஒண்ணுமில்லம்மா. வைக்கோல் சுணையா இருக்கும்.”

வயலில் பாடுபடுகிறவருக்கு அரிப்பு பழகிய விஷயம். நெல் சுணை, வைக்கோல் தூசி என்று தினமும் சொறிந்து பழகிய உடம்பு. அதனால் அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. செவிலியர் அப்படி விடவில்லை. சட்டையை விலக்கிப் பார்க்கிறார். மார்பில் கொசு கடித்ததுபோல வரிசையாகத் தடிப்பு. லேசான வறட்டு இருமல். நாடி வேகமாக அடிக்கிறது.

அடுத்த நொடி டிரிப்ஸ் நிற்கிறது. டாக்டருக்குக் குரல் போகிறது. பெரியவரைப் படுக்க வைத்துக் கால் பக்கத்தை உயர்த்துகிறார்கள். தொடையின் வெளிப்பக்கத் தசையில் அரை மில்லிகிராம் அட்ரினலின். ஐந்து, பத்து நிமிஷத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை போட வேண்டும். ஆக்சிஜன் வைக்கிறார்கள். அரிப்புக்கான ஊசியெல்லாம் அதற்கப்புறம்தான்.

“நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை நடுங்குது” என்கிறார் பெரியவர். “அது ஊசியோட வேலைப்பா. கொஞ்ச நேரத்துல அடங்கிடும், பயப்படாதீங்க” என்று கையைப் பிடித்துக்கொள்கிறார் செவிலியர். தடிப்பு மறைந்து, மூச்சு சீரானதும் அதே விஷமுறிவு மருந்து மறுபடி மெதுவாக ஏறத் தொடங்குகிறது. முழுத் தவணையும் ஏறி முடிகிறது.

எத்தனை பேருக்கு இப்படி ஆகும்?

இலங்கையில் பாம்புக்கடிக்கு இந்தியத் தயாரிப்பு விஷமுறிவு மருந்து பெற்ற 1,007 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2011-ல் அதன் முடிவு வெளியானது. நான்கில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு வகையில் ஒவ்வாமை வந்தது. சிலருக்கு லேசாக. பலருக்குத் தீவிரமாக. மருந்து தொடங்கும் முன்பே குறைந்த அளவு அட்ரினலின் போட்டவர்களுக்குத் தீவிர ஒவ்வாமை கணிசமாகக் குறைந்தது. வழக்கமாக முன்கூட்டியே போடும் ஸ்டீராய்டு ஊசியும் அரிப்பு ஊசியும் அப்படித் தடுக்கவில்லை.

“டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்துட்டுப் போடுங்களேன்” என்று கேட்பவர்கள் உண்டு. சில மருந்துகளுக்கு அது சரி. விஷமுறிவு மருந்தில் தோலில் போடும் சோதனை ஊசி யாருக்கு ஒவ்வாமை வரும் என்று காட்டிக்கொடுப்பதில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக இந்த மருந்து போடுகிறவருக்கும் ஒவ்வாமை வரலாம். சோதனையால் நேரம்தான் வீணாகும். எனவே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அப்படியானால் யாருக்கு வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்திலேயே இருந்து பார்ப்பதுதான் வழி. பெரும்பாலும் முதல் சில நிமிஷங்களிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அறிகுறி தெரிந்துவிடும். ஆனால் ராத்திரி டூட்டியில் ஒரே செவிலியர் பல படுக்கைகளைக் கவனிக்க வேண்டியிருக்கும். அங்கேதான் கூட இருக்கும் உங்கள் கண்ணும் தேவைப்படுகிறது.

கூட இருப்பவர்கள் கவனிக்க...

* கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். ‘அலர்ஜி இருக்குன்னு சொன்னா மருந்து போடாம வேற ஊருக்கு அனுப்பிடுவாங்களோ’ என்று பயந்து மறைக்க வேண்டாம். உயிர் காக்கும் மருந்து போடுவதற்கு முன் கூடுதல் ஏற்பாடு செய்யத்தான் அந்தக் கேள்வி.

* ஆஸ்துமா, முன்பு பாம்புக்கடிக்கோ நாய்க்கடிக்கோ ஊசி போட்டது, எந்த மருந்துக்காவது தடிப்பு வந்தது ஆகிய மூன்றையும் கேட்காமலேயே சொல்லுங்கள். பிரஷர், இதய மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மாத்திரை அட்டையைக் கொண்டு வந்து காட்டுங்கள். சிலவகை மாத்திரைகள் அட்ரினலின் வேலை செய்வதைத் தடுக்கும்.

* மருந்து ஏறும்போது அரிப்பு, தடிப்பு, வறட்டு இருமல், குரல் கம்முதல், உதடு வீக்கம், வாந்தி, வயிற்றைப் பிசைவது, ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று சொல்வது என எது தெரிந்தாலும் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்ற தயக்கம் வேண்டாம்.

* ஒவ்வாமை வந்தவரை எழுப்பி நிற்க வைக்கவோ, பாத்ரூமுக்கு நடத்திக் கூட்டிப்போகவோ கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். படுத்தே இருக்கட்டும். மூச்சுத்திணறல் இருந்தால் மட்டும் சாய்ந்து உட்காரலாம்.

* குளவி கொட்டியோ, உணவு ஒத்துக்காமலோ வீட்டிலேயே இப்படி ஆனால், முதல் வேலை 108-ஐ அழைப்பது.

வீட்டுக்குப் போன பிறகு

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது. பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். மருந்து ஏறி ஒரு வாரம் வாக்கில் சிலருக்குக் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி, நெறிகட்டுதல் வரலாம். அன்று வியன்னாக் குழந்தைகளுக்கு வந்த அதே சீரம் நோய்தான் இது. ‘விஷம் மிச்சம் இருக்கு’ என்று வேரும் மூலிகையும் தேடிப் போகிறவர்கள் உண்டு. இது மிச்ச விஷம் கிடையாது, மருந்துக்கு உடம்பு காட்டும் தாமதமான எதிர்ப்பு. சிகிச்சை எடுத்த மருத்துவமனைக்கே திரும்பப் போனால் மாத்திரையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டுக்கு அனுப்பும்போதே செவிலியர் இதைச் சொல்வார். கிளம்பும் அவசரத்தில் காதில் வாங்காமல் போய்விடாதீர்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்கிறது ஓர் ஆய்வு. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். 2030-க்குள் இந்த மரணங்களைப் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024-ல் திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. மருந்து இருப்பு, ஆம்புலன்ஸ் எல்லாமே அவசியம். மருந்து ஏறும் அந்த நேரத்தில் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பதும் அதே அளவுக்கு அவசியம்.

நம் பெரியவர் நான்காம் நாள் வீட்டுக்குக் கிளம்புகிறார். செவிலியர் ஒரு சின்ன அட்டையில், எந்த மருந்து போட்டது, எந்தத் தேதி, என்ன ஒவ்வாமை வந்தது என்று எழுதி நீட்டுகிறார். மகன் கை நீட்டுகிறார். செவிலியரோ அதை அம்மாவின் கையில் கொடுக்கிறார்.

“நீங்க வச்சுக்கங்கம்மா. உங்களுக்குத்தான் ஞாபகம் இருந்துச்சு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைக் காட்டணும்.”

அவர் அதை மடித்து, சுருக்குப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொள்கிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது எந்த மருந்தாவது ஒத்துக்காமல் போயிருக்கிறதா? அந்த மருந்தின் பெயரை இன்றே ஒரு சீட்டில் எழுதி, ஆதார் அட்டையோடு வையுங்கள். செல்போனிலும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.