கிணற்றில் குளித்த விளக்கு

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கடல் ஏது, அங்கே நீருக்குள் இறங்கும் காமிராவைப் பற்றிப் பேச்சு என்ன என்று நேயர்கள் நகைக்கலாம். கடல் இருந்தது, சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன்னால். காரை கிராமத்து ஓடைகளில் அகப்படும், ஆட்டுக் கொம்பைப் போல் சுருண்ட கல் உருவங்கள் அதற்குச் சாட்சி. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்பைத்தான் அரியலூர் ஆலைகள் இன்று சிமெண்டாக அரைக்கின்றன.

நிற்க. இப்போது அதே பூமியில் ஜலத்தைக் காண்பதென்றால் நூற்றுக்கணக்கான அடி துளைக்க வேண்டியிருக்கிறது. துளைத்த பிறகு மோட்டார் சிக்கிக் கொண்டதா, குழாய் வெடித்ததா, பாறை இடுக்கில் ஊற்று வருகிறதா என்று தெரிந்து கொள்ளக் காமிராவை இறக்குகிறார்கள். மோட்டாரை எடுப்பதா, புதுத் துளை போடுவதா என்ற கேள்விக்கு அந்தச் சிறு படம்தான் விடை. ஒரு குடும்பத்தின் வெங்காயச் சாகுபடி முழுவதும் அந்த விடையை நம்பி நிற்பதுண்டு.

2019-ம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி மாலை, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் பயனற்றுக் கிடந்த துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, அதன் சின்னஞ் சிறு கையை மேலிருந்தோர் கண்டது காமிராவின் மூலமாகவே. 29-ந் தேதி விடியுமுன் துயரச் செய்தி வந்தது. காமிரா குழந்தையைக் காப்பாற்றவில்லை என்பது மெய். ஆனால் அது இல்லையேல், கயிற்றை எந்தப் பக்கம் விடுவது என்றுகூடத் தெரிந்திராது. விளக்கு எரியாத காமிராவோ அந்த இருளில் வெறும் குருட்டுக் கண்.

நீருக்குள் வெளிச்சம் கொண்டு போவது என்றுமே எளிதாக இருந்ததில்லை. 1893-ல் கடலுக்கடியில் படம் எடுத்த லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, பிராணவாயு நிரப்பிய பீப்பாயின் மேல் சாராய விளக்கை ஏற்றி, அதன் சுடரில் மக்னீஸியப் பொடியை ஊதி வெளிச்சம் உண்டாக்கினார்! இன்று கண்ணாடிக்குப் பின்னால், லென்ஸைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன. அவ்வளவையும் நீரினின்று காப்பது ஒரு ரப்பர் வளையம். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் கூடுகிறது. நூறு மீட்டர் நீருக்கு அடியில் பத்து மடங்கு. வளையத்தில் ஒரு தலைமயிரோ, மணல் துகளோ இருந்தால் போதும், நீர் உள்ளே புகுந்து விடும்.

நீர் புகுந்த கருவியை மேலே எடுத்தவுடன் எல்லோரும் செய்வது, எரிகிறதா பார்ப்போம் என்று ஸ்விட்சைத் தட்டுவதுதான். அதைவிட அநியாயம் வேறில்லை. கருவியைக் கெடுப்பது வெறும் நீரல்ல. உப்புக் கரைந்த நீரும் மின்சாரமும் கூடிச் செம்பைத் தின்பதே. பச்சை நிறம் பூத்த கம்பிகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். ஆகவே முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பாட்டரி உள்ளேயே இருக்கும் விளக்கானால், மூடியை முகத்துக்கு நேராகப் பிடித்துத் திறக்கலாகாது. நனைந்த பாட்டரியிலிருந்து கிளம்பிய வாயு மூடியைத் தெறிக்கச் செய்யக் கூடும். நனைந்த லித்தியம் பாட்டரியை மறுபடி சார்ஜ் செய்வது நெருப்போடு விளையாடுவதாகும். அதை வீட்டுக்கு வெளியே வைத்து, பின்னர் முறைப்படி ஒழித்து விட வேண்டியதுதான்.

அடுத்த யோசனை விசித்திரமாகத் தோன்றும். நனைந்ததை மறுபடி நனைக்க வேண்டும்! கிணற்று நீர் அப்படியே காய்ந்தால் சுண்ணாம்பும் உப்பும் தகட்டின் மேல் வெள்ளையாய்ப் படிந்து விடும். நம் வீட்டு வெந்நீர்த் தவலையின் உட்புறத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. எனவே பாட்டரியைக் கழற்றிய பின் நல்ல நீரிலும், அப்பால் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் வாலைநீரிலும் தகட்டை அலச வேண்டும். மெல்லிய தூரிகையால், 99 சதவீத ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தடவினால் மிச்ச ஈரத்தையும் அது இழுத்துக் கொண்டு ஆவியாகும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கலாகாது. கடலில் முழுகிய விளக்கானால், பழுது பார்ப்பவர் கைக்குப் போகும்வரை பாட்டரி நீக்கி நல்ல நீரிலேயே அமிழ்த்தி வைப்பது, அரைகுறையாகக் காய விடுவதைவிட மேல்.

அரிசி மூட்டைக்குள் புதைத்து வைக்கும் வைத்தியம் ஒன்று ஊரெங்கும் நடக்கிறது. அரிசிக்கு அதனால் நஷ்டம், கருவிக்கு லாபம் இல்லை. அரிசி மாவு இடுக்குகளில் ஒட்டிக் கொள்வது தனி. சித்திரை வெயிலில் வைப்பதும் வேண்டாம். ரப்பரும் ஒட்டுப் பசையும் இளகும். மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் வைத்து, பின்பு ஸிலிகா ஜெல் பொட்டலங்களுடன் மூடி வைத்தால் நன்று.

பளிச்சென்று மின்னும் பிளாஷ் விளக்கு வேறு ஜாதி. அதன் உள்ளிருக்கும் கபாஸிட்டர், பாட்டரியைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதைத் திறப்பது தேர்ந்தவர்கள் வேலை. வீட்டுப் பையன்கள் ஸ்குரூ டிரைவருடன் நெருங்காமல் பார்த்துக் கொள்ளத் தாய்மார்களைக் கேட்டுக் கொள்கிறோம்.

காய்ந்த கருவிக்குப் பழைய வளையத்தையே மாட்டிச் சிக்கனம் காட்டுவோர் உண்டு. புது வளையம் போட்டு, ஸிலிகோன் கிரீஸை மிக லேசாகத் தடவி, முதலில் ஒரு வாளி நீரில், காமிரா இன்றி வெறுங் கூட்டை மட்டும் அமிழ்த்திப் பார்ப்பது உத்தமம். உள்ளே வைத்த காகிதத் துண்டு உலர்ந்தே இருந்தால், மறுநாள் கிணற்றுக்குப் போகலாம்.