எடை போடப்படுவது குப்பை மட்டும்தான்

2024ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பு முடிவுகள் 2025 ஜூலையில் வெளிவந்தன. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்குக் கடைசி இடம், சென்னைக்கு 38ஆவது இடம். மக்களுக்குப் பொறுப்பில்லை என்றார்கள் சிலர். அதிகாரிகள் சரியில்லை என்றார்கள் வேறு சிலர். அந்தக் குப்பையை அள்ளியவர் கையில் உறை இருந்ததா, கடைசியில் அது யார் வீட்டுப் பக்கம் கொட்டப்பட்டது என்ற கேள்விகள் அந்த விவாதத்தில் எங்கள் காதில் விழவில்லை.

மதுரைக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் நாங்கள் அதைக் கேட்கிறோம். விருதுநகர் நகராட்சிக்கும், திருத்தங்கலைச் சேர்த்து 2021இல் மாநகராட்சியான சிவகாசிக்கும் இதே அளவுகோல்தான்.

உள்ளாட்சிகள் எதை எண்ணுகின்றன? எத்தனை வீடுகளில் குப்பை வாங்கப்பட்டது, எத்தனை டன் சேர்ந்தது, மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் தரம் பிரிக்கப்பட்டனவா, எத்தனை டன் உரமானது, குப்பை குவியும் இடங்களில் எத்தனை அகற்றப்பட்டன. இந்தக் கணக்குகள் தேவையானவைதான். கணக்கே இல்லாத இடத்தில் முதலில் ஏமாற்றப்படுவது நாங்கள் என்பதால், கண்காணிப்பு வேண்டாம் என்று நாங்கள் ஒருபோதும் சொல்ல மாட்டோம்.

தூய்மைப் பணியாளர் நலன் என்ற தலைப்பும் அந்த மதிப்பீட்டில் உண்டு. ஆனால் அதற்குச் சான்று என்ன? பெரும்பாலும் காகிதமும் புகைப்படமும். இந்த மாவட்டத்தின் ஓர் ஊரில் வேலை செய்யும் அக்கா ஒருவர் எங்களிடம் சொன்னார்: “போட்டோவுக்குக் கையுறை தம்பி, குப்பைக்கு வெறுங்கைதான்.”

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சீருடை, ஒளிரும் மேல்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் எல்லாம் தரப்படுவதை உறுதி செய்யும் கடமையை உள்ளாட்சியின் மீது வைத்தன. அதே விதிகளில் விபத்து நடந்தால் தெரிவிக்க ஒரு படிவமும் இருந்தது. ஆனால் அது குப்பை பதப்படுத்தும் இடத்திலும் கிடங்கிலும் நடக்கும் விபத்துக்கு மட்டும். தெருவில் கண்ணாடி கிழித்த கை, பயன்படுத்திய ஊசி குத்திய விரல், பட்டாசு மருந்து சுட்ட பாதம் எதற்கும் அதில் இடமில்லை. எண்ணப்படாத காயம் அரசின் பார்வையில் நடக்காத காயம்.

பட்டாசு மருந்து என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் வட்டாரத்தில் இரண்டு விதக் குப்பை உண்டு. அச்சகத்தில் விழும் கட்டிங் பேப்பருக்கு விலை இருக்கிறது. அது கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கப்படுகிறது, ஒரு மூட்டைகூடத் தெருவுக்கு வராது. பயர் ஆபீஸில் மிஞ்சும் கழிவுக்கு விலை இல்லை. மருந்து சிந்திய காகிதம், தேறாத வெடி, கூட்டி அள்ளிய தூள் எல்லாம் அதில் அடங்கும். ஆலைக்குள்ளேயே முறையாக அழிக்கப்பட வேண்டிய இந்தக் கழிவு இரவோடு இரவாக ஓடைக்கரைக்கும் கண்மாய்க்கரைக்கும் வந்து சேர்ந்தால், காலையில் அதைத் தொடப்போவது யார்?

தீபாவளி முடிந்ததும் சென்னை மாநகராட்சி பட்டாசுக் கழிவைத் தனியாகச் சேகரித்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறது. நல்ல நடைமுறை. சில நாள் வெடித்த நகரத்தில் அது அபாயகரக் கழிவு என்றால், ஆண்டு முழுவதும் பட்டாசு செய்யும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் அது என்ன? ஆலைகளில் பல இருப்பது ஊராட்சி எல்லைகளில். சொற்ப மதிப்பூதியத்தில் தள்ளுவண்டி தள்ளும் தூய்மைக் காவலரிடம் அதைப் பிரித்தறியும் பயிற்சியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

சட்டவிரோதமாகக் கொட்டுவதைக் கண்காணிக்கும் முறையிலும் இதே ஓட்டைதான். பஜாரில் இருந்த குப்பை மேடு அகற்றப்பட்டால் மதிப்பெண் ஏறுகிறது. அதே குப்பை ஊருக்கு வெளியே காலனிக்கு அருகில் எரிந்தால் மதிப்பெண் இறங்குகிறதா? விருதுநகரின் கழிவு கௌசிகா நதியில் இறங்கி, குல்லூர்சந்தை நீர்த்தேக்கம் வரை போகிறது. அந்த வழியில் இருக்கும் கிராமங்கள் நகராட்சியின் எல்லைக்குள் இல்லை. அதனால் அவற்றின் நாற்றமும் நகராட்சியின் கணக்கில் இல்லை. ஊருக்கு வெளியே என்று நம்மைத் தள்ளி வைத்த அதே கோடு இன்று குப்பைக்கான எல்லைக்கோடாகவும் இருக்கிறது.

இது தற்செயலா? ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 வரை கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் 68.9 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். நம் ஊர்களில் துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாருக்கும் புள்ளிவிவரம் தேவையில்லை. துப்புரவு என்பதைத் தூய்மை என்று மாற்றியதில் பெயர்ப்பலகை மாறியது, கை மாறவில்லை.

இப்போது அந்தக் கையையும் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தனியார்மயத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. ஒப்பந்தத்தில் செயல்திறன் குறியீடு இருக்கும், குறைந்தால் அபராதமும் இருக்கும். அந்த அபராதம் யார் கூலியில் பிடிக்கப்படுகிறது என்று எந்த அறிக்கை சொல்லும்?

ஆகவே நாங்கள் கேட்பது புதிய விருது அல்ல, கணக்கில் சில புதிய பத்திகள்.

ஒவ்வொரு உள்ளாட்சியும் மாதாமாதம் எத்தனை டன் என்று எழுதும் அதே தாளில், எத்தனை பேருக்குக் கையுறையும் காலணியும் தரப்பட்டன, எத்தனை பேர் காயப்பட்டார்கள், கூலி எந்தத் தேதியில் கிடைத்தது என்றும் எழுத வேண்டும். அதில் அதிகாரி மட்டுமல்ல, தொழிலாளர் பிரதிநிதியும் கையெழுத்திட வேண்டும்.

குப்பைக் கிடங்கும் கொட்டப்படும் இடங்களும் பட்டியல் சாதிக் குடியிருப்புகளிலிருந்து எவ்வளவு தூரம் என்பது பதிவாக வேண்டும். ஊர் எல்லைக்கு வெளியே போய் விழும் கழிவும் அதை அனுப்பிய ஊரின் கணக்கிலேயே சேர வேண்டும்.

பட்டாசு ஆலை ஒவ்வொன்றும் எவ்வளவு கழிவை, எங்கே, எப்படி அழித்தது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஊராட்சி வாரியாக வெளியிட வேண்டும். தெருவில் மருந்துக் கழிவு கிடந்தால் அதைத் தொட மறுக்கும் உரிமை தூய்மைப் பணியாளருக்கு எழுத்தில் வேண்டும்.

இந்த அறிக்கை ஊராட்சியில் கிராம சபையிலும், நகரத்தில் 2022 முதல் நடக்கும் பகுதி சபையிலும் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். அடுத்த கூட்டம் நடக்கும் நாளில் நம் தெருவிலிருந்து பத்துப் பேராவது போய் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்போம்: இந்த மாதம் நம் ஊர்க் குப்பையை அள்ளியதில் எத்தனை பேருக்குக் காயம்?

பதில் இல்லை என்றால், அந்த ஊர் வாங்கிய மதிப்பெண் எதுவானாலும் அது சுத்தமான ஊர் இல்லை.