ஒரு பெயரை நீக்கினால் போதுமா?



அன்பார்ந்த பெற்றோர்களே! பிள்ளைகள் ஆடும் கணினி விளையாட்டுகளில் தகாதது எது என்று கேட்டால், ஆபாசக் காட்சி, இரத்தக் காட்சி என்ற இரண்டையே நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். கண் பார்ப்பதை மட்டும் கொண்டு அளக்கும் இந்த அளவுகோல் போதாது என்பதற்கு 2008ஆம் ஆண்டு நிகழ்வொன்று சான்றாகும்.

அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 'ஃபால்அவுட் 3' எனும் விளையாட்டை வெளியிட்டது. அணுப்போரில் அழிந்து இருநூறு ஆண்டுகள் கடந்த வாஷிங்டன் நகரமே அதன் களம். விளையாடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, நன்மையோ தீமையோ தாமே தேர்ந்தெடுத்துச் செல்ல வேண்டும்.

பண்பாட்டு உணர்வுகளைக் கருதி அதனை இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்தது. எந்தப் பகுதி காரணம் என்று அது விளக்கவில்லை. அக்கதையில் இரு தலைகளுடன் திரியும் பசுக்களுக்கு 'பிராமின்' என்று பெயரிட்டிருந்ததே காரணம் எனப் பரவலாகப் பேசப்பட்டது. ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள், மார்ஃபின் எனும் உண்மையான போதை மருந்தின் பயன்பாட்டைக் காரணம் காட்டி முதலில் அனுமதி மறுத்தனர்; மருந்தின் பெயர் மாற்றப்பட்ட பின் அனுமதித்தனர். ஜப்பானியப் பதிப்பில், ஓர் ஊரை அணுகுண்டு வைத்துத் தகர்க்கும் வாய்ப்பு நீக்கப்பட்டது. நாகசாகியில் வீசப்பட்ட குண்டின் பெயரைத் தாங்கியிருந்த ஆயுதத்துக்கும் வேறு பெயர் இடப்பட்டது.

பிறர் மனம் புண்படுவதை நாம் எளிதாக எண்ணலாகாது. அதே மாதத்தில், சோனி நிறுவனத்தின் 'லிட்டில் பிக் பிளானட்' விளையாட்டில் இடம்பெற்ற ஒரு பாடலில் குர்ஆன் சொற்றொடர்கள் கலந்திருப்பதாக முறையீடு எழுந்தது. அந்நிறுவனம் வெளியீட்டையே ஒத்திவைத்து அதனை நீக்கியது. நம் உணர்வு மதிக்கப்பட வேண்டுமென நாம் விரும்புவது போலவே, பசுவைப் போற்றும் அண்டை வீட்டாரின் உணர்வையும் மதிப்பது நம் கடமை. பிறர் வணங்குபவற்றை ஏசலாகாது என்று அல்அன்ஆம் அத்தியாயம் நமக்குக் கட்டளையிட்டுள்ளது.

ஆயினும், ஃபால்அவுட் விளையாட்டில் என்னை மேலும் கலங்கச் செய்வது வேறொரு பகுதி. அதில் விளையாடுபவர் விரும்பினால், வழியில் காணும் மனிதரின் கழுத்தில் பட்டை மாட்டி, அடிமை வணிகரிடம் ஒப்படைத்துப் பணம் பெறலாம். தப்பிவந்த அடிமைகளுக்கு உதவும் வழியும் அதே விளையாட்டில் உண்டு. தேர்வு பிள்ளையின் விரல் நுனியில் இருக்கிறது. அடிமையை விடுவிப்பதை ஏறுதற்கரிய கணவாயாக அல்பலத் அத்தியாயம் கூறுகிறது. பிலால் (ரலி) அவர்களை விலை கொடுத்து மீட்ட அபூபக்ர் (ரலி) அவர்களின் வரலாற்றை மக்தபில் படிக்கும் பிள்ளை, இரவில் கைப்பேசியிலோ கணினியிலோ ஆள் பிடித்து விற்றுப் பரிசு பெறுமாயின், அவ்விரண்டில் எது அதன் உள்ளத்தில் தங்கும்?

'இது வெறும் விளையாட்டுதானே, உண்மையில் எவரும் விற்கப்படவில்லையே' என்று சிலர் கூறுவர். உண்மைதான், அதனை அடிமை வணிகம் என்று எவரும் தீர்ப்பளிக்கமாட்டார். ஆனால், நம் ஆரணியின் தறிக்காரர்கள் அறிவார்கள்: ஓர் இழை கண்ணுக்குப் புலப்படாது, ஆயிரம் முறை ஊடை ஓடிய பிறகே கரை தெரியும். உள்ளமும் அவ்வாறே நெய்யப்படுகிறது.

கணினி விளையாட்டுகளைத் திரைப்படத் தணிக்கை வாரியம் பார்ப்பதில்லை. ஆகவே காவல் நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். விளையாட்டின் உறையிலோ பதிவிறக்கும் பக்கத்திலோ உள்ள வயது குறியீட்டை முதலில் பாருங்கள். ஃபால்அவுட் 3க்கு ஐரோப்பிய நாடுகளின் தர அமைப்பு இட்ட குறியீடு 18. அதனைச் சிறுவரிடம் கொடுக்கலாகாது. வளர்ந்த பிள்ளையாயின், கைப்பேசியைப் பறித்து ஒளித்து வைப்பதோடு நின்றுவிடாதீர்கள். அருகில் அமருங்கள். 'என்ன பார்த்தாய்?' என்பதோடு, 'நீ யாராக இருந்தாய்? யாருக்கு என்ன செய்தாய்? ஏன்?' என்றும் கேளுங்கள். பெயர்களை நிறுவனங்கள் மாற்றிவிடும். அந்த வினாவைக் கேட்கும் பொறுப்பு பெற்றோருக்கே உரியது.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் கண்களையும் உள்ளங்களையும் எல்லாம் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.