மரத்தைத் திட்டாதீங்க சார்



ஓய்வுபெற்ற பிறகு தச்சு வேலை பழகி வருகிறேன். பேத்திக்கு எழுதுமேசை செய்ய, பழைய வீட்டுத் தேக்குக் கதவின் பலகையை எடுத்தேன். இழைப்புளியை ஓட்டினால் சுருள் வரவில்லை. தூளும் சிராயுமாகப் பிய்ந்து வந்தது. "மரமே சரியில்லை" என்று இரண்டு நாள் திட்டினேன்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர், இன்று நல்ல தச்சர், வந்து பார்த்தார். "மரத்தைத் திட்டாதீங்க சார். தகட்டைத் திருப்பிப் பாருங்க" என்றார்.

தப்பு அங்கேதான். சரிவுப் பக்கத்தை மட்டும் தீட்டியிருந்தேன். கூர் என்பது இரண்டு பக்கங்கள் சந்திக்கும் கோடு. பின்பக்கம் துருவேறிக் கிடந்தால், சரிவை நாள் முழுக்கத் தேய்த்தாலும் கூர் பல்லுப்பல்லாகத்தான் நிற்கும்.

தடித்த கண்ணாடியில் வாட்டர் பேப்பர் ஒட்டி 220, 400, 1000, 2000 என்று படிப்படியாகப் போனோம். முதலில் பின்பக்கம், நுனியை ஒட்டிய பகுதி முகம் தெரிகிற அளவுக்கு. பிறகு சரிவு, 25 டிகிரியில். கடைசி நாலைந்து இழுப்பு மட்டும் 30 டிகிரி. மறுபக்கம் விரல் வைத்தால் நுனி நெடுகப் பிசிறு தட்டுப்பட வேண்டும். அதுவரை அடுத்த பேப்பருக்குப் போகக் கூடாது. முடிவில் பழைய தோல் பெல்ட்டில் இழுத்துப் பிசிறை எடுத்தோம்.

மின்சாணை வைத்திருப்பவர்கள் அடிக்கடி தகட்டைத் தண்ணீரில் நனையுங்கள். நுனி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று.

இப்போது பலர் தகட்டைத் தீட்டச் சோம்பி, உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தே மழமழப்பாக்கி விடுகிறார்கள். அவசரத்துக்குத் தப்பில்லை. ஆனால் உப்புத்தாள் மரத்தின் நாரைக் கீறுகிறது. கூரான தகடு அறுக்கிறது. இரண்டையும் தடவிப் பாருங்கள், கை சொல்லிவிடும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும். மேசை முடிவதற்குள் ஆறு முறை தீட்டினேன். அந்த நேரம் வீணில்லை, அதுவும் வேலைதான் என்பது என் கருத்து.

இன்னொன்று. அந்தத் தச்சரை வகுப்பில் நான் "மரமண்டை" என்று திட்டியிருக்கிறேன். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. எனக்குத்தான் ஞாபகம் வந்தது. கணக்கு ஏறவில்லை என்றால் பிள்ளையைத்தான் குறை சொன்னேன். என் பாடம் மழுங்கியிருக்கிறதா என்று ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அப்படித் திட்டு வாங்கிய மற்றவர்களிடம் இங்கே கேட்கிறேன்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், நாளை வகுப்புக்குப் போகுமுன் தகட்டைத் திருப்பிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்