காசுக்கும் ஆண் பெண் உண்டா?

காசு என்கின்ற சொல் நம் ஜனங்கள் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் வருகின்றது என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் அதன் அர்த்தம் என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்லுவார்கள். அகராதியைப் புரட்டினாலோ பொன் என்றும், மணி என்றும், குற்றம் என்றுங்கூடப் போட்டிருக்கின்றது. போதாக்குறைக்கு வெண்பாவின் கடைசிச் சீருக்கு வாய்பாடாகவும் அதையே வைத்திருக்கின்றார்கள். பண்டிதர்கள் கையில் அகப்பட்ட காசு அது ஒன்றுதான் போலும்!

நிற்க. சோழர் ஆட்சியில் காசு என்றால் பொன் நாணயம். கோயில் காசைக் கிராம சபையார் கடன் வாங்கி, காசு ஒன்றுக்கு வருஷம் அரைக்கால் காசு, அதாவது 100க்கு 12½ வட்டி கொடுத்து வந்ததாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் சொல்லுகின்றன. அப்பேர்ப்பட்ட காசு, கம்பெனியார் காலத்துச் சென்னையில் வெறுஞ் செம்புச் சல்லியாகி விட்டது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3360 காசு! 1818ல் வராகன் போய் ரூபாய் வந்தது. 1957ல் அணாக் கணக்கும் ஒழிந்து, ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனபோது, நம்மவர்கள் அதையும் காசு என்றே அழைத்தார்கள். 2011 ஜூன் மாதக் கடைசியோடு 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவைகளும் செல்லாமற் போயின. சொல் மாத்திரம் இன்னும் செல்லுகின்றது.

ஆகவே இச்சொல்லுக்கு இயற்கையாய் அமைந்த மதிப்பு ஒன்றும் இல்லை. மனிதன் வைத்ததுதான் மதிப்பு என்பது விளங்கும். அந்த மதிப்பை நம் வீடுகளில் எப்படி வைத்திருக்கின்றோம் என்பதுதான் நாம் கேட்க வந்தது.

ஆண் கொண்டு வந்தால் அதற்குப் பெயர் சம்பளம், வருமானம். பெண் களை பறித்தும், பால் விற்றும், பூக்கட்டியும் கொண்டு வந்தால் "ஏதோ கைச்செலவுக்குக் காசு" என்கின்றோம். அதில் நாலைந்தை அவள் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தால் சிறுவாடு என்று கேலி வேறு. தான் பாடுபட்டதைத் தானே ஒளித்து வைக்கும்படியான நிலையில் அவளை வைத்தது யார்? 2016 நவம்பர் 8ந் தேதி இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லா என்று அறிவித்தவுடன், எத்தனையோ பெண்கள் பல வருஷ காலமாய் ஒளித்து வைத்திருந்ததைப் புருஷன் முன்னிலையில் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குச் சிரித்த ஆண்கள் அநேகர். வெட்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?

"அவளுக்குத்தான் கழுத்து நிறையக் காசுமாலை போட்டிருக்கின்றோமே" என்பார்கள். போட்டிருக்கின்றீர்கள், வாஸ்தவந்தான். விதைப்புக்கும் வழக்குக்கும் அது அடகுக் கடைக்குப் போகும்போது அவளைக் கேட்டா போகின்றது? இரும்புப் பெட்டிக்குப் பதிலாக ஒரு கழுத்து, அவ்வளவுதான். அந்தப் புருஷன் செத்துப்போனாலோ அவளையே செல்லாக்காசு என்று சொல்லவும் நம் ஜனங்களுக்கு நாக்குக் கூசுவதில்லை.

2023 செப்டம்பர் 15ந் தேதி முதல் தமிழ்நாட்டுச் சர்க்கார் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவி என்றோ தர்மம் என்றோ பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தார்கள். அந்தப் பெயரைக்கூடப் பொறுக்க மாட்டாமல் "ஓசிக் காசு" என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகின்ற தோழர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். விடியுமுன் எழுந்து தண்ணீர் தூக்கி, சமைத்து, துவைத்து, பிள்ளையையும் மாட்டையும் பார்த்து, இராத்திரி கடைசியாகச் சாப்பிடுகின்றவளுக்கு மாதம் என்ன கூலி கொடுத்தீர்கள்? கலியாணமான நாள் தொட்டு அந்தக் கணக்கை எழுதிக் கொண்டு வாருங்கள். அதன்பின் இந்த 1000 ஓசியா, பழைய பாக்கியில் ஒரு தவணையா என்று உட்கார்ந்து பேசலாம்.